லண்டன்பேட்டை சர்வர்

செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு,
கறுப்பு, முகத்தில் நான்கு விளக்கு.
கையெழுத்து வாங்கிக்கொண்டே கூரியர் பையன் கேட்டான்,
"இன்வெர்ட்டராக்கா?"
ஆமாம் என்றேன்.
குக்கர் மூன்றாவது விசிலில் இருந்தது.

வட்டு இரண்டு, தலா நான்கு டெராபைட்.
ஒன்றில் எழுதுவதை மற்றதும் அப்படியே எழுதிக்கொள்ளும்.
மாங்கூழ் ஆலையில் ஒன்பது வருடமாக
பில்லுக்கடியில் கார்பன் வைக்கிறவளுக்கு
இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

திருகாணி எட்டு வேண்டும். பையில் ஏழுதான்.
அதனால் வலதுபக்க வட்டு சுற்றும்போதெல்லாம்
பல்வலிக்காரன்போல் முனகும்.
யாரும் எதுவும் கேட்காத நேரத்தில்
இரண்டுமே சுற்றுவதை நிறுத்தி உறங்கும்.

செத்த போன் மூன்று, சாகாத போன் இரண்டு,
எல்லாவற்றையும் அதில் கொட்டினேன்.
காலை வணக்கம் சொல்லும் ரோஜாக்கள் மட்டும்
ஆறாயிரத்துச் சொச்சம். அழித்தேன்.
பிறகு 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி', 'கடைசி கடைசி'
என்று நானே பெயர் வைத்த உறைகள்,
ஒன்றுக்குள் ஒன்று.

கல்யாண டிவிடியில் கீறல்.
கெட்டிமேளம் வரை வரும், தாலி கட்டங்கட்டமாக உடையும்.
இருந்ததை ஏற்றினேன்.
சர்வர் தானாகத் தேடி அதற்கொரு போஸ்டர் ஒட்டியது:
கையில் கோடரியோடு ஒருவன். திகில். 1987.
மாற்றத் தெரியும். மாற்றவில்லை.

அவன் பெயர் சென்றாயன்.
பெயரிலேயே 'சென்றாய்' என்று வைத்துவிட்டார்கள்,
யாரை நொந்துகொள்ள?
கிரானைட் ஏற்றிக்கொண்டு நாக்பூர் போனால்
இறக்க இரண்டு நாள், மறுலோடுக்கு மூன்று நாள்.
"இன்னாத்துக்கு இதெல்லாம்? போன்ல இல்லாத படமா?" என்றான்.
இருநூற்றுப் பன்னிரண்டு படம் ஏற்றினேன்,
அவனுக்குப் பிடித்த சண்டைப் படமாகப் பார்த்து.

வெளியிலிருந்து திறக்கவில்லை.
தெருவில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே முகவரியாம்;
தபால்காரர் முனையில் நின்று கத்திவிட்டுத் திரும்புகிற மாதிரி.
உதவி எண்ணில் ஒரு பெண் கேட்டாள்,
"மேடம், லண்டன்ல இருந்தா பேசறீங்க?"
கிருஷ்ணகிரி லண்டன்பேட்டைம்மா என்றேன்.
கேபிள் திம்மராஜ் வந்து
மாதம் இருநூறு கூடுதலுக்கு
எனக்கென்று தனி முகவரி எழுதிக்கொடுத்தான்.

நான்காம் நாள் இரவு இரண்டு பத்துக்கு
வலதுபக்க வட்டு முனகியது.
திருட்டோ என்று பயந்து போனில் பார்த்தேன்.
பார்ப்பவர்: சென்றாயன்.
படமில்லை. முப்பத்தெட்டு நொடிக் காணொளி ஒன்று,
பெயர்கூட இல்லை, வெறும் எண்.
நானும் திறந்தேன்.

ஈரத் தரை. என் செருப்பு. என் குரல்:
"ரெகார்ட் ஆவுதா இது? செவப்பு புள்ளி வரலியே.
மிதுனா, மோட்டார நிறுத்துடி, தண்ணி போவுது."
அவ்வளவுதான்.
அழிக்க வேண்டிய பட்டியலில் வைத்திருந்தேன்.

முடிந்தது. மறுபடி ஓடியது.
நான்கு முறை.
ஐந்தாவது, இருபத்திரண்டாவது நொடியில் நின்றது.
வட்டு இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அடங்கியது.

காலையில் பேசினான்.
லோடு இன்னும் இறங்கலை, இங்கே மழை, டயர் ஒன்று சரியில்லை.
"படம் பாத்தியா?"
"நெட்டே சரியா வரல."
சரி என்றேன்.

மாலை ஆலை விட்டு வரும்போது
ரவுண்டானா பக்கத்து ஹார்டுவேர் கடையில் நின்று
அந்த எட்டாவது திருகாணியைக் கேட்டேன்.
கடைக்காரர் மூன்று அளவில் எடுத்துப் போட்டார்.
நடுவிலிருந்தது பொருந்தும்போல்தான் இருந்தது.
வேண்டாங்க என்று சொல்லிவிட்டு
பஸ் ஏறினேன்.